கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும்

முகைதீன் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவன் முடித்ததும் கேள்வி கேட்பார்கள், கேள்விகள் ஓய்ந்ததும் என் பெயரைச் சொல்வார்கள். கருத்தரங்கக் கூடத்தின் ஏசி சொட்டுகிறது. அதற்குக் கீழே யாரோ ஒரு நீல வாளியை வைத்திருக்கிறார்கள், சொட்டு விழும்போதெல்லாம் முகைதீன் ஒரு நொடி நிறுத்துகிறான், யாரோ தன்னைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு. என்னுடைய ஸ்லைடுகளைக் காலையிலேயே அந்த மேசைக் கணினியில் ஏற்றியாயிற்று. பத்தொன்பதாவது ஸ்லைடை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. மறைத்து மட்டும் வைத்திருக்கிறேன். மறைத்த ஸ்லைடு ஓட்டும்போது வராது, பதினெட்டிலிருந்து நேராக இருபதுக்குத் தாவிவிடும், பார்ப்பவர்களுக்கு நடுவில் ஒன்று இருந்ததே தெரியாது. ஆனால் விசைப்பலகையில் ஒன்று, ஒன்பது என்று அடித்து என்டரைத் தட்டினால் வந்து நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, விடுதியில் தனியாக இருந்தபோது நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததிலிருந்து நிம்மதி இல்லை. அழித்திருந்தால் அது முடிந்துபோன காரியம். மறைத்து வைத்ததால் இன்னும் முடியாத காரியம். இப்படித்தான் நான் எதையும் செய்கிறேன், கதவைப் பாதி சாத்திவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன்.

முன் வரிசையில் திருச்சியிலிருந்து வந்திருக்கும் வெளி நிபுணர், பேராசிரியர் சுலோசனா. பேனாவின் மூடியை வாயில் வைத்துக்கொண்டு கேட்கிறார், எதையும் எழுதவில்லை. அவருக்குப் பின்னால் ஆசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள், எல்லோருக்கும் பின்னால், கதவோரம், கடைசி வரிசையில் தனியாக அருளப்பன் சார். என் நெறியாளர். தன் மாணவர்கள் பேசும்போது அவர் முன்னால் உட்காருவதில்லை. கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அதுதான் அவருடைய விதி. எழுத்து சிறியதாக இருந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டுவார், பெரிசாக்கு என்று. திரும்பிப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. பார்க்கவில்லை. முதல் வருடம் இதே கூடத்தில் என் முதல் கருத்தரங்கு. தலைப்பைச் சொன்னேன், "ஆசிய நாடுகளில் கல்வியியல் ஆய்வு வெளியீடுகள், ஓர் ஒப்பீடு", அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. எல்லா முகங்களும் ஒரே முகமாகத் தெரிந்தன. சார் எழுந்து, "கரண்ட் போயிருச்சுன்னு நினைச்சுக்குங்க. டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்தல்ல, கரண்டைப் பார்த்து. அன்று சாயங்காலம் காலிக் கூடத்தில் அவருக்கு மட்டும் பேசினேன். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டே, தலை நிமிராமல், "கேக்கல", "கேக்கல", "இப்பக் கேக்குது" என்றார். நான் இன்றைக்குப் பேசப்போகும் குரல் அப்படி வந்தது. அந்தக் குரலில் அவருக்கு எதிராக ஒன்றைச் சொல்ல முடியுமா. எதிராகவா. பத்தொன்பது வெறும் அட்டவணை. அட்டவணை யாருக்கும் எதிரானதல்ல. இதைத்தான் நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் அது பொய் என்றும் தெரிகிறது.

தலைப்பைத் தேர்ந்தெடுத்த நாளில் சார் கேலி செய்தார். "பேரு உலகம்மாள். ஆசியாவோட நிறுத்திக்கிட்டியேம்மா." எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் குலதெய்வத்தின் பெயர் எனக்கு, பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லக் கூச்சப்படுவேன். வேலை எளிமையானதுதான். உலகம் முழுவதும் வரும் ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய தரவுத்தளம் ஒன்றிலிருந்து கல்வியியல் கட்டுரைகளை எடுத்து, எழுதியவரின் முகவரி எந்த நாடு என்று பார்த்து, நாடுவாரியாக எண்ணுவது. எண்ணி எண்ணி நாடுகள் எனக்கு ஆட்களாகிவிட்டன. சில நாடுகள் மடமடவென்று பேசுகிறவை. சில நாடுகள் கூட்டத்தில் மூலையில் நிற்கிறவை. பூட்டான் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, பக்கத்தில் ஒரு வெளிநாட்டு முகவரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரும், பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு நான் அத்தையோடு போவதைப் போல. லாவோஸிலிருந்து ஒரு கட்டுரை, மலைக்கிராமப் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழி பேச வேண்டியிருப்பதைப் பற்றி. என் வேலை அதை ஒன்று என்று எண்ணுவது மட்டும்தான், ஆனால் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எழுதியவள் ஒரு பிள்ளையின் மௌனத்தைப் பற்றி எழுதியிருந்தாள், அந்தப் பிள்ளை வகுப்பில் வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை, ஆனால் தினமும் வந்தது. ஒன்று. அதையும் ஒன்று என்றுதான் எண்ணினேன். சில நாடுகளுக்கு நேராகப் பூஜ்யம். பூஜ்யத்தைத் தட்டச்சு செய்யும்போது விரல் தயங்கும். அங்கேயும் காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், யாராவது ஓர் ஆசிரியை பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்கு ஏன் இது புரியவில்லை என்று யோசித்திருப்பாள். அவள் என் அட்டவணையில் இல்லை.

"ஆக, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் மனப்பான்மை நடுத்தர அளவில் உள்ளது" என்று முகைதீன் முடிக்கிறான். நடுத்தர அளவில். ஒரு சொட்டு விழுகிறது. நான் எட்டாம் வகுப்பு படித்தபோது இப்படி ஓர் ஆய்வாளர் எங்கள் பள்ளிக்கு வந்தார். இளம் பெண், வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது, கையில் கட்டுக் கட்டாகத் தாள்கள். வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். எப்போதும் என்று ஓர் ஓரம், ஒருபோதும் இல்லை என்று மறு ஓரம், நடுவில் சில நேரங்களில். எங்கள் சயின்ஸ் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எல்லாரும் நடுவுல டிக் போடுங்க பிள்ளைகளா, பெல் அடிக்கப் போகுது. அந்த அக்காவுக்கு பஸ்சுக்கு நேரமாச்சு." அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் எப்போது யார் தாள் கொண்டுவந்தாலும் அப்படித்தான், நடுவில் போடுவோம், மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரே ஒரு கேள்வியில் மட்டும் என் பென்சில் நின்றது. வீட்டில் என் கருத்துக்கு மதிப்பளிக்கப்படுகிறது. எனக்குக் கடைசிக் கட்டத்தில் போட வேண்டும் போல் இருந்தது. ஒருவர் என்னைக் கேட்கிறார், என் பெயர்கூட வேண்டாம் என்கிறார், சொல்லிவிடலாம். பக்கத்தில் இருந்த அமலி முழங்கையால் இடித்தாள், "ஏட்டி, நடுவுல." நடுவில் போட்டேன். அந்தப் பெண் பஸ்ஸைப் பிடித்திருப்பாள். எண்ணியிருப்பாள். எங்கள் வகுப்பு நடுத்தர அளவில் உள்ளது என்று எழுதியிருப்பாள், அவளுக்கு வேறு என்ன வழி. அந்தக் கட்டுரையும் எங்கோ அச்சாகி, எங்கோ சேர்ந்து, ஒருவேளை என்னிடமே வந்து, நானே அதை நம் நாட்டுக்கு ஒன்று என்று எண்ணியிருக்கலாம்.

சுலோசனா மேடம் பேனா மூடியை வாயிலிருந்து எடுக்கிறார். "தம்பி, உங்க பிள்ளைங்க எல்லாரும் எப்படி ஒண்ணுபோல நடுத்தரமாவே இருக்காங்க?" முகைதீன் நெற்றியைத் துடைக்கிறான். "மேடம், எங்க ஊரே அப்படித்தான் மேடம்." கூடம் சிரிக்கிறது. மேடமும் சிரிக்கிறார், ஆனால் கண் சிரிக்கவில்லை, அந்தக் கண் அடுத்து என்மேல் விழப்போகிறது. எனக்கு முன்னால் இருக்கும் வரிசையிலிருந்து ரெஜினா அக்கா திரும்புகிறாள். அக்காவும் சாரிடம் ஆய்வு செய்தவள்தான், இப்போது பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேலை, என் கருத்தரங்குக்காகவே லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். "ஏ உலகு, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? சமோசா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். முடிச்சிட்டு வந்து தின்னு." தலையை ஆட்டுகிறேன். அக்காவின் கைப்பையிலிருந்து வெங்காய வாசனை வருகிறது. அக்கா, பத்தொன்பதுக்குப் பின்னால் உன் பெயரும் இருக்கிறது. ஸ்லைடில் ஆட்களின் பெயர்கள் இல்லை, ஓர் ஆய்விதழின் பெயர் மட்டும்தான். ஆனால் இதழைச் சொன்னால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர்கள் தானாகத் தெரியும்.

அது இப்படி வந்தது. நம் நாட்டின் கோடு வருடா வருடம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது, திடீரென்று ஓரிடத்தில் செங்குத்தாக எழும்பியது. என் கணக்கு தவறு என்றுதான் முதலில் நினைத்தேன், எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். மறுபடி எண்ணினேன். அப்புறம் இதழ்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது எழும்பிய பகுதி ஏறக்குறைய முழுவதும் ஒரே இதழிலிருந்து வந்திருந்தது. யாரும் படித்துப் பார்க்காமலே வந்ததையெல்லாம் அச்சிட்ட இதழ். அது தெரிந்ததும் தரவுத்தளம் அதைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது, ஆனால் ஏற்கெனவே சேர்த்தவற்றை எடுக்கவில்லை. அவை அங்கேயே இருந்தன, எண்ணினால் எண்ணிக்கையில் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். நடுத்தர அளவில் உள்ளது. நடுத்தர அளவில் உள்ளது. ஊர் மாறுகிறது, வகுப்பு மாறுகிறது, முடிவு மாறவில்லை. ஐந்து கட்டங்களில் நடுக்கட்டத்தின் வழியாக இறங்கும் கோடு, எங்கள் பள்ளியிலிருந்து நாடு முழுக்க நீண்டு இறங்குவது போல் இருந்தது. அதில்தான் ரெஜினா அக்காவின் பெயரைப் பார்த்தேன். அப்புறம் அருளப்பன் என்று. அப்புறம் மறுபடி அருளப்பன், வேறொரு மாணவரோடு, மறுபடி, மறுபடி. அந்தக் காலத்தில் கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. நல்ல இதழ்கள் வருடக்கணக்கில் காக்க வைக்கும், பிள்ளைகளுக்கு வயது போய்க்கொண்டிருக்கும், பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சார் அவர்களைக் கரையேற்றினார். அக்கா ஒருமுறை தன் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள், "எழுதுனது நான்தான்டி. படிச்சதுதான் ஒருத்தரும் இல்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் படித்தேன் அக்கா. அதைச் சொல்லவில்லை. அந்த இதழை எடுத்துவிட்டு எண்ணினால் எல்லா நாடுகளுக்கும் கொஞ்சம் குறைகிறது, நமக்கு மட்டும் தரை சரிகிறது. நான்காவது இடத்தில் இருந்தவர்கள் ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிடுகிறோம். அதுதான் பத்தொன்பது.

சாரிடம் அதைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் காட்டாமல் செய்திருந்தால் முதுகுக்குப் பின்னால் செய்ததாகியிருக்கும். அவர் அறை, ஜன்னலில் புறாக்கள், மேசையில் பாதி குடித்த காபி. தாளை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "சாப்டியாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. "இது வேண்டாமே, உலகு. இது வேற ஆய்வு. உன்னோடது எண்ணிக்கை. எண்ணிக்கைன்னா இருக்கறத எண்ணணும், அவ்வளவுதான்." அப்புறம் தாளை என் பக்கம் திருப்பி, மேசையில் நேராக வைத்தார், ஓரத்தோடு ஓரம் பொருந்த. கிழிக்கவில்லை, மடிக்கவில்லை. இருக்கறத எண்ணணும். அந்த வாக்கியத்தில்தான் நான் சிக்கிக்கொண்டிருக்கிறேன். சரிதானே அது. யார் நான், இது ஆய்வு, இது இல்லை என்று சொல்ல. லாவோஸ் பெண் எழுதியதும் ஒன்று, இதுவும் ஒன்று. ஆனால் அப்படியானால் வாய் திறக்காமல் தினமும் வந்த அந்தப் பிள்ளையும், அமலி இடித்ததால் நடுவில் போட்ட டிக்கும் ஒன்றுதானா. இல்லை. இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்கும் தெரிந்துகொண்டே இருப்பதற்கும் நடுவில் எத்தனை கட்டங்கள். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து வேண்டும், அது இல்லாமல் இத்தனை வருடமும் காற்றோடு போகும். ஆனால் பயம் அது மட்டுமில்லை. எனக்கு டெங்கு வந்து விடுதியில் கிடந்தபோது அவர் மனைவி தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினார், சார் பைக்கில் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே வரக்கூடாது என்று வெளியே மரத்தடியில் நின்று, நான் குடித்துவிட்டேன் என்று வார்டன் சொன்ன பிறகுதான் போவார். அந்தக் கஞ்சியில் சீரகம் போட்டிருக்கும். இப்போது நாக்கில் அந்தச் சீரகம் வருகிறது. கையெழுத்துப் போடாமல் இருக்கமாட்டார். அதுதான் கஷ்டம். போட்டுவிட்டு, பேனாவை மூடிவிட்டு, சாப்டியாம்மா என்பார்.

"அடுத்து, உலகம்மாள்." எழுந்திருக்கிறேன். நாற்காலி கீச்சிடுகிறது. முகைதீன் என்னைக் கடக்கும்போது, "பயப்படாதீங்க, கடிக்கமாட்டாங்க" என்கிறான், அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மேசை, கணினி, ரிமோட். முதல் ஸ்லைடு. என் குரல் வெளியே வருகிறது, அது என்னுடையதுதானா என்று கேட்டுக்கொண்டே பேசுகிறேன். கடைசி வரிசையில் சாரின் விரல்கள் விரியவில்லை, கை மடியில் இருக்கிறது, அப்படியானால் கேட்கிறது. நோக்கங்கள், முறை, நாடுகள். சிங்கப்பூர், மலேசியா, மங்கோலியா என்று சொல்லும்போது சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல் இருக்கிறது. லாவோஸ் என்று சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்கிறது, யாருக்கும் தெரிந்திருக்காது. பதினெட்டு. வருடவாரியான கோடுகள். நம் கோடு எழும்பும் இடத்தைத் தொடாமல், "ஒட்டுமொத்தமாக வளர்ச்சி காணப்படுகிறது" என்கிறேன். என் வாயிலிருந்து அந்த வாக்கியம் பள்ளிக்கூடத் தாளைப் போல் வழுவழுப்பாக இறங்குகிறது. ரிமோட்டை அழுத்துகிறேன். இருபது. தாவிவிட்டது. நடுவில் ஒன்றும் இல்லாதது போல் இருபது வந்து நிற்கிறது, முடிவுரை, இந்தியா நான்காவது இடம். எவ்வளவு எளிது. மேடைக்கு முன்னால் பள்ளம் இருக்கும் என்று பயந்துகொண்டே வந்தவள் கால் வைத்தால் சமதரை. முடிக்கிறேன், கைதட்டுகிறார்கள். ரெஜினா அக்கா எல்லோருக்கும் மேலாகத் தட்டுகிறாள். எனக்கு அழுகை வருகிறது, அதை அவர்கள் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"பதினெட்டுக்குத் திரும்பப் போங்க" என்கிறார் சுலோசனா மேடம். போகிறேன். அவர் பேனாவால் திரையைக் காட்டுகிறார். "இந்த இடத்துல ஏறுதே. என்ன நடந்துச்சு?" சொட்டு விழுகிறது. எனக்குப் பதில் தெரியும், ஒன்றல்ல, பல. ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதி என்று சொல்லலாம், அது பொய்யில்லை. ஆய்வு மாணவர்களின் எண்ணிக்கை கூடியது என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. நடுவில் போடுவதற்குக் கட்டங்கள் எப்போதும் இருக்கும். ஒருவர் என்னைக் கேட்கிறார். வெயிலில் வந்த அந்தப் பெண்ணுக்குப் பிறகு, என் பதிலுக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் முதல் ஆள். சாரைப் பார்க்கிறேன். இவ்வளவு தூரத்தில் அவர் முகம் தெரியவில்லை, கண்ணாடியில் திரையின் வெளிச்சம் மட்டும், இரண்டு சிறிய வெள்ளைச் சதுரங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் நிறுத்திவிடுவேன். அசைக்கவில்லை. அசைக்காமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதற்குள் என் ஆட்காட்டி விரல் ஒன்றை அழுத்திவிட்டது. அது வெறும் ஒன்று, இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, இங்கேயே நிறுத்தலாம். ஒன்பது. என்டர்.

பத்தொன்பது வந்து நிற்கிறது. எவ்வளவு சின்ன எழுத்துகள். நான்தான் அப்படிப் போட்டேன், மறைத்தது போதாதென்று பொடியாகவும் போட்டிருக்கிறேன். சுலோசனா மேடம் முன்னால் சாய்ந்து கண்ணைச் சுருக்குகிறார். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ரெஜினா அக்காவுக்கு மட்டும் எழுத்து தெரிந்துவிட்டது, அல்லது படிக்காமலே தெரிந்துவிட்டது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கீழே பார்க்கிறாள். "இது, இந்த வருஷங்கள்ல, ஒரு இதழ்" என்று தொடங்குகிறேன், குரல் போய்விடுகிறது. முதல் வருடத்தைப் போலவே. கரண்ட் போய்விட்டது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நினைக்கிறேன், சொன்னால் எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம், இந்தத் திரை அணைந்துவிடும். கதவோரம் நாற்காலி நகரும் சத்தம். சார் எழுந்து நிற்கிறார். வெளியே போகப்போகிறார் என்று நினைக்கிறேன். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். "கடைசி வரிசைக்குத் தெரியலம்மா" என்கிறார். கை மெதுவாக உயர்கிறது, விரல்கள் விரிகின்றன. "பெருசு பண்ணு."

கண்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்துகிறேன். அட்டவணை திரையின் ஓரங்களைத் தாண்டி வளர்கிறது, மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக வெளியே போகின்றன, நம் வரி மட்டும் நடுவில் நிற்கிறது, அதன் கீழே அந்த இதழின் பெயர். "இன்னும் கொஞ்சம்" என்கிறார். அழுத்துகிறேன். சுவர் முழுக்க எழுத்து. அவர் உட்காரவில்லை, கை நாற்காலி முதுகைப் பிடித்திருக்கிறது. "இப்பத் தெரியுது. படிம்மா." தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவருக்குக் கேட்கும் அளவுக்குப் படிக்கத் தொடங்குகிறேன்.